ஒரு நாட்டில் விற்பதை எங்கும் விற்கலாம் என்றான பிறகும் ஐரோப்பாவில் பொதுச் சட்டம் எதற்கு?

சட்டமாணவி:
வணக்கம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறேன். 1979 பிப்ரவரியில் காஸிஸ் த டிஜோன் என்ற பழ மதுவைப் பற்றி வந்த தீர்ப்பில் ஒரு சந்தேகம். பிரான்ஸில் தயாராகும் அந்தப் பழ மதுவில் ஆல்கஹால் 15 முதல் 20 சதவீதம்தான். பழ மது என்றால் குறைந்தது 25 சதவீதம் வேண்டும் என்று ஜெர்மனி தடுத்தது. ஒரு நாட்டில் முறைப்படி தயாரித்து விற்கும் பொருளை இன்னொரு நாடு தகுந்த காரணமின்றித் தடுக்கக் கூடாது என்று லக்ஸம்பர்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, அதோடு முடிந்திருக்க வேண்டுமே? அப்புறமும் ஜாமுக்கு ஒன்று, சாக்லேட்டுக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று என்று பொதுச் சட்டம் ஏன் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்? படித்தால் மனப்பாடம் ஆகிறது, மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது. வேலையில் இதைக் கையாள்பவர்கள் யாராவது விளக்குங்களேன்.

ராட்டர்டாம்வாசி:
நல்ல கேள்விம்மா. நான் உணவுப் பொருள் இறக்குமதியில் லேபிள் சரிபார்க்கிறவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அந்தத் தீர்ப்பிலேயே விதிவிலக்கு இருக்கிறது. உடல்நலம், நுகர்வோர் பாதுகாப்பு, வரிக் கண்காணிப்பு, வணிக நேர்மை: இவற்றில் ஒன்றை நியாயமாகக் காட்ட முடிந்தால் நாடு தடுக்கலாம். காட்டியது நியாயமா இல்லையா என்று யார் சொல்வது? மறுபடி நீதிமன்றம்தான். தீர்ப்பு எல்லா நாடுகளுக்கும் பொருந்தும், ஆனால் அடுத்த பொருளுக்கு, அடுத்த காரணத்துக்கு வியாபாரி திரும்பவும் வாதாட வேண்டும். பொதுச் சட்டம் இருந்தால் சரக்கைக் கப்பலில் ஏற்றும் முன்பே பதில் கையில் இருக்கும்.

சாக்லேட் கதையைப் பாருங்கள். 1973இல் பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க் மூன்றும் ஐரோப்பியக் கூட்டமைப்புக்குள் வந்தன. அங்கெல்லாம் கோகோ வெண்ணெயோடு வேறு தாவரக் கொழுப்பும் கொஞ்சம் சேர்ப்பது வழக்கம். அதே ஆண்டு வந்த சாக்லேட் டைரக்டிவ் (பொதுச் சட்டத்தில் ஒரு வகை) இந்த விஷயத்தைத் தீர்க்காமல் அந்தந்த நாட்டுக்கு விட்டுவிட்டது. விளைவு? இந்தச் சாக்லேட்டை விற்கலாம், ஆனால் 'சாக்லேட்' என்று சொல்லக் கூடாது, 'சாக்லேட்டுக்கு மாற்று' என்றுதான் போட வேண்டும் என்றன இத்தாலியும் ஸ்பெயினும். அந்தப் பெயரோடு எந்தத் தாய் தன் பிள்ளைக்கு வாங்கித் தருவாள்? 2003 ஜனவரி 16இல்தான் நீதிமன்றம் அதைத் தவறென்றது: லேபிளில் கொழுப்பைத் தெரிவித்தால் போதும், பெயரைப் பறிக்க வேண்டியதில்லை என்று. ஒரே ஒரு சேர்மானத்துக்கு முப்பது வருஷம்.

அதற்குள் 2000இல் புதிய டைரக்டிவும் வந்துவிட்டது. கோகோ வெண்ணெய் தவிர ஆறு தாவரக் கொழுப்புகளை 5 சதவீதம் வரை சேர்க்கலாம், சேர்த்ததை லேபிளில் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஆறில் சால் விதைக் கொழுப்பு, கோகம், மாங்கொட்டைப் பருப்புக் கொழுப்பு மூன்றும் உண்டு. சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் ஆதிவாசிகள் பொறுக்கும் சால் விதை அங்கே சாக்லேட்டில் சேரலாமா, எவ்வளவு சேரலாம் என்பதற்கு இப்போது 27 நாட்டிலும் ஒரே பதில். வெறும் தீர்ப்பால் இந்த உறுதி வராது.

அதற்காக ஒவ்வொரு பண்டத்துக்கும் பக்குவத்தைச் சட்டத்தில் எழுதுவதை நான் ஆதரிக்கவில்லை. ஆரம்பத்தில் அப்படித்தான் போனார்கள், எல்லா நாடும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதால் வருஷக்கணக்கில் இழுத்தது. 1985க்குப் பிறகு வழியை மாற்றினார்கள்: பாதுகாப்புக்கு அவசியமானது மட்டும் சட்டத்தில், மற்ற நுணுக்கமெல்லாம் தர நிர்ணய அமைப்புகளுக்கு. பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்றது என்று பொம்மைகளின் மேல் பார்க்கும் சிஇ முத்திரை அதன் விளைவுதான். இதுதான் சரியான வழி என்பது என் உறுதியான எண்ணம்.

வரிக்கணக்கு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பொதுச் சந்தை என்கிறீர்கள், ஹங்கேரியில் வாட் (மதிப்புக் கூட்டு வரி) 27 சதவீதம், லக்ஸம்பர்கில் 17. பொது வீதம் 15க்குக் கீழே போகக் கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. ஒரே பொருளை இரண்டு நாட்டில் விற்பவருக்கு இது தலைவலி இல்லையா?

ராட்டர்டாம்வாசி:
தலைவலிதான் சார். காரணம் ஒன்றியத்தின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. சந்தை விதிகள் 114ஆம் பிரிவில் வருகின்றன. ஒன்றியத்தின் 55 சதவீத நாடுகள் ஒத்துக்கொண்டு, அவற்றில் 65 சதவீத மக்கள்தொகை இருந்தால் போதும். வரி 113ஆம் பிரிவு. அதில் ஒரே ஒரு நாடு முடியாது என்றாலும் கதை முடிந்தது. வரி போடும் உரிமையை எந்த அரசும் லேசில் விட்டுக்கொடுக்காது, அதில் எனக்குக் குறையில்லை. மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தானே.

சட்டமாணவி:
ரொம்ப நன்றி அண்ணா, இப்போது விளங்குகிறது. இன்னொன்று: லேபிளுக்கு டைரக்டிவ் இல்லாமல் ரெகுலேஷனாகவே போட்டிருக்கிறார்களே. அப்படியென்றால் ஒரே லேபிளை எல்லா நாட்டிலும் ஒட்டலாமா?

ராட்டர்டாம்வாசி:
முடியாதும்மா. டைரக்டிவ் என்றால் ஒவ்வொரு நாடும் தன் சட்டமாக எழுதிக்கொள்ள வேண்டும். ரெகுலேஷன் அப்படியே நேரடியாகச் செல்லும். 1169/2011 எண் ரெகுலேஷன்தான் என் அன்றாடப் பிழைப்பு. சாம்பார் பொடி பாக்கெட் வந்தால் சேர்மானப் பட்டியலில் நான் முதலில் தேடுவது பெருங்காயத்தை. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும், ஒவ்வாமை தரும் 14 பொருள்களில் கோதுமை உண்டு. வெறுமனே 'பெருங்காயம்' என்று போட்டால் செல்லாது. உள்ளே இருக்கும் கோதுமையைத் தடித்த எழுத்திலோ வேறு வகையிலோ எடுத்துக்காட்ட வேண்டும். கடுகும் அந்தப் பதினான்கில் ஒன்று. இந்த விதி லிஸ்பனிலும் ஹெல்சிங்கியிலும் ஒன்றே. ஒவ்வாமை உள்ள குழந்தையின் பெற்றோருக்கு எந்த நாட்டுக் கடையிலும் அதே எச்சரிக்கை கிடைக்கிறது, அதனால் இந்தச் சட்டத்தின் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

மொழி மட்டும் அந்தந்த நாட்டின் விருப்பம். பெல்ஜியத்துக்கும் சேர்த்து அனுப்பினால் டச்சு, பிரெஞ்சு இரண்டும் ஏற வேண்டும். சிறிய 'x' எழுத்தின் உயரம் 1.2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பாக்கெட்டின் பெரிய பக்கமே 80 சதுர சென்டிமீட்டருக்குக் குறைவென்றால் 0.9 வரை இறங்கலாம். மசாலா பாக்கெட்டில் இரண்டு மூன்று மொழிகளை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். முன்பக்கம் வண்ண எழுத்தில் உணவின் சத்துத் தரம் காட்டும் நியூட்ரி ஸ்கோரை பிரான்ஸ் 2017இல் ஏற்றது, இத்தாலி கடுமையாக எதிர்க்கிறது. 2022க்குள் பொது விதி முன்வைப்பதாகச் சொன்ன ஐரோப்பிய ஆணையம் அந்தக் கெடுவுக்குள் எதையும் கொண்டுவரவில்லை.

தேர்வுக்குப் படிக்க காஸிஸ் தீர்ப்பு, பிறகு இத்தாலி மீதான சாக்லேட் வழக்கு சி-14/00, கடைசியில் 2000/36 டைரக்டிவின் இரண்டாம் இணைப்பு என்ற வரிசையில் போங்கள். அந்த ஆறு கொழுப்புகளின் பட்டியல் இணைப்பில்தான் இருக்கிறது.