சுமையோடு 4,600 சுற்றுக்கு மேல் ஏறாத 25 குதிரைவலு எஞ்சின்: எந்த பிட்ச் புரொப்பெல்லர் பொருந்தும்?

கேள்வி:
பருத்தித்துறையில் 20 அடி பைபர் படகில் தொழில் செய்கிறேன். பழைய மண்ணெண்ணெய் எஞ்சினை மாற்றி, நான்கு அடிப்பு 25 குதிரைவலு பெற்றோல் எஞ்சின் பூட்டியுள்ளேன். அதனுடன் 12 அங்குல பிட்ச் கொண்ட அலுமினியப் புரொப்பெல்லர் வந்தது. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று வரை ஓட வேண்டும் என்று கையேடு சொல்கிறது. மூன்று பேர், வலை, ஐஸ் பெட்டி ஆகியவற்றுடன் கைப்பிடியை முழுவதும் திருகினாலும் 4,600 சுற்றுதான் கிடைக்கிறது. ஜிபிஎஸ் மணிக்கு 14 கடல் மைல் வேகம் காட்டுகிறது. வெறும் படகில் 5,200 வருகிறது. பிட்ச்சைக் கூட்டினால் வேகம் கூடும் என்கிறார்கள். அது சரியா?

பதில் 1:
தம்பி, கூட்டவே வேண்டாம். பிட்ச் என்பது புரொப்பெல்லர் ஒருமுறை சுழலும்போது, நழுவல் (நீரில் வழுக்கி வீணாகும் தூரம்) இல்லாவிட்டால், முன்னேறக்கூடிய தூரம். ஏற்கெனவே திணறும் எஞ்சினுக்கு அதைக் கூட்டுவது, மேட்டில் ஏறும் வண்டியை மேல் கியருக்கு மாற்றுவது போன்றது. சுற்று இன்னும் இறங்கும், நாளடைவில் கரி படிந்து பிஸ்டனும் சூடேறும். ஓர் அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று கூடும் என்பது நடைமுறைக் கணக்கு. 10 அங்குலம் போட்டால் சுமையோடு 5,000 அளவிலும் வெறும் படகில் 5,600 அளவிலும் நிற்கும். தினமும் சுமையோடுதான் ஓடுகிறீர்கள் என்பதால் அந்த நிலையை வைத்தே தெரிவு செய்யுங்கள். ஆனால் வெறும் படகில் 6,000-ஐத் தாண்டக் கூடாது.

பதில் 2:
அண்ணன் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு கணக்கைப் பாருங்கள். உங்கள் எஞ்சினின் கியர் விகிதம் 2.08 என்றால் (எஞ்சின் 2.08 முறை சுழன்றால் புரொப்பெல்லர் ஒருமுறை சுழலும்), 4,600 சுற்றில் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,211 முறை சுழலும். 12 அங்குல பிட்ச்சில் நழுவல் இல்லாவிட்டால் மணிக்குச் சுமார் 22 கடல் மைல் போக வேண்டும். நீங்கள் போவது 14; அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நழுவுகிறது. சுமைப் படகுக்குக்கூட இது அதிகம். அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசும் (ஒட்டி வளரும் ஓட்டுயிர்) பிடித்திருக்கிறதா, புரொப்பெல்லர் இதழ்கள் வளைந்துள்ளனவா, எஞ்சின் மிக ஆழமாகவோ உயரமாகவோ பூட்டப்பட்டுள்ளதா என்று பாருங்கள். புரொப்பெல்லருக்குச் சற்று மேலே உள்ள கிடைத்தகடு, படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருப்பது நல்லது. சுற்றுமானியின் அமைப்பையும் ஒருமுறை சரிபாருங்கள். அது பொய் சொன்னால் மற்ற எல்லாக் கணக்கும் வீண்.

கேள்வி கேட்டவர்:
கரையேற்றிப் பார்த்தபோது அடிப்பாகம் முழுவதும் கொட்டலசு. சுரண்டியபின் அதே 12 அங்குலத்தில், சுமையோடு 4,750 வந்தது. பிறகு ஒருவரிடம் இரவலாக வாங்கிய 10 அங்குலத்தைப் பூட்டினேன்: சுமையோடு 5,150, வெறும் படகில் 5,700, சுமை வேகம் 15.5 கடல் மைல். அதே அளவில் புதிது சொல்லியிருக்கிறேன். பழையதை உதிரியாகப் படகிலேயே வைத்துக்கொள்கிறேன்.