அதிவேக ரயிலா, விரைதடமா?

அன்புள்ள குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில், பெருநகரங்களை இணைக்கும் ஹை ஸ்பீட் ரயில் திட்டங்களுக்கு 'அதிவேக ரயில்' என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று சேலத்து நண்பர் எழுதியிருந்தார். நாளிதழ்கள் அப்படித்தான் எழுதுகின்றன. ஆயினும் எனக்கு அதில் இரண்டு தடைகள் உள்ளன.

முதலாவது, 'அதி' தேய்ந்துபோன முன்னொட்டு. ஈரோடு சந்திப்பில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால் 'அதிவிரைவு வண்டி' என்ற அறிவிப்பு காதில் விழாமல் போகாது. அகலப்பாதையில் சராசரியாக மணிக்கு 55 கிலோமீட்டர் ஓடினாலே ஒரு வண்டி அந்தப் பெயருக்குத் தகுதி பெற்றுவிடுகிறது. 'அதிவேகம்' என்பதோ குற்றச்சொல்லாகவே பழகிவிட்டது. 'அவிநாசி சாலையில் அதிவேகமாக வந்த லாரி' என்று படித்தவுடனே அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது தடைதான் பெரியது: வேகத்தை மட்டும் சொல்லும் பெயர், தடத்தை மறைத்துவிடுகிறது. இப்படியொரு செய்தியைப் படித்துவிட்டு எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, நம்ம ரயிலைக் கொஞ்சம் வெரசா உடறதுக்கு எதுக்குங்க நெலம்?"

அவர் கேட்டதில் பிழையில்லை, பெயரில்தான் பிழை. 2023 ஏப்ரலில் தொடங்கிய கோவை–சென்னை வந்தே பாரத், மணிக்கு 160 கிலோமீட்டர் வரை ஓடக்கூடிய வண்டி. ஆனாலும், சரக்கு வண்டிகளும் ஓடுகிற அதே பழைய தடத்தில் ஏறத்தாழ 495 கிலோமீட்டரைக் கடக்க அதற்குத் தொடக்க அட்டவணையில் 5 மணி 50 நிமிடம் ஆயிற்று. சராசரி மணிக்கு 85 கிலோமீட்டர்தான். மும்பை–அகமதாபாத் திட்டத்தின் 508 கிலோமீட்டரோ முழுக்க முழுக்கப் புதிய தடம். நம் அகலப்பாதையில் தண்டவாளங்களுக்கிடையே 1,676 மில்லிமீட்டர் இடைவெளி, அங்கே 1,435. ஆகவே, மணிக்கு 320 கிலோமீட்டரில் ஓடப்போகும் அந்த வண்டியைக் கோவைப் பக்கம் போத்தனூருக்குத் திருப்பிவிட நினைத்தாலும் முடியாது. பன்னாட்டு ரயில்வே ஒன்றியத்தின் வரையறையும் தடத்தை வைத்தே வேகம் பேசுகிறது: புதிய தடமானால் 250 கிலோமீட்டரும் அதற்கு மேலும், மேம்படுத்திய பழைய தடமானால் 200 அளவில்.

வளைவையும் பார்க்க வேண்டும். வேகம் இரட்டித்தால், மற்றவை மாறாதிருக்க, வளைவின் ஆரம் நான்கு மடங்காக வேண்டும். ஜப்பானில் 1964இல் திறந்த டோக்கைடோ தடத்தில் பொதுவாகக் குறைந்தபட்ச ஆரம் 2,500 மீட்டர். 1972இல் வந்த சான்யோ தடத்தில் அதை 4,000 ஆக்கினார்கள். இப்படிப்பட்ட தடம் கிணற்றைக் கண்டு விலகாது, தென்னந்தோப்பைச் சுற்றிப் போகாது. ரயில்வே கேட்டும் அதில் இருக்காது. குறுக்கே கிடக்கும் ஒவ்வோர் இட்டேரிக்கும் (தோட்டங்களுக்கு நடுவே போகும் பாதைக்கும்) கீழேயோ மேலேயோ வழி விட்டாக வேண்டும். திட்டமிடுபவர் முதலில் வரைவது இந்தக் கோட்டைத்தான், வண்டியை அன்று.

ஜப்பானியர் 'ஷின்கான்சென்' என்று பெயர் வைத்தபோது வேகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். அச்சொல்லுக்குப் புதிய முதன்மைத் தடம் என்பதே பொருள். 'புல்லட் ரயில்' பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் ஊரில் புல்லட்டு என்றால் வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் 'விரைதடம்'. விரைந்த, விரைகின்ற, விரையும் தடம் என்று முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை இது. தடமா விரைகிறது என்று கேட்பவர்களுக்கு விமான நிலையத்து 'ஓடுதளம்' விடை சொல்லும். அங்கே தளமா ஓடுகிறது? தடத்தில் ஓடும் வண்டி 'விரைதட ரயில்' ஆகும். நகரங்களை இணைக்கும் முழு அமைப்பு 'விரைதட வலையமைப்பு' ஆகும். 'விரைவுத் தடம்' என்ற ஈரோட்டு ஐயாவின் சொல்லும் நெருங்கி வருகிறது. ஆனால் எக்ஸ்பிரஸுக்கு 'விரைவு வண்டி' என்று ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பதால், அது எக்ஸ்பிரஸ் ஓடும் பழைய தடத்தையே குறிப்பதாகிவிடும். 'மீவிரைவுத் தடம்' பொருளில் சரி, நாக்கில் நிற்கவில்லை.

இச்சொல்லுக்கு எழக்கூடிய ஒரு தடையை நானே சொல்லிவிடுகிறேன். கொங்குப் பேச்சில் 'வெரை' என்றால் விதை. ஆடிப்பட்டத்துக்கு வெரைக்கடலை எடுத்து வைத்திருக்கிறோம் என்போம். அகராதியிலும் விரைக்கு அப்பொருள் உண்டு. இதைத் தீர்ப்பது சந்திதான். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் 'விரைதடம்' என்றே எழுத வேண்டும். தட்டச்சில் கை பழகியபடி ஒரு 'த்' கூடிவிட்டால் 'விரைத்தடம்', அதாவது ஏர் போன பின் விதை விழுந்த சால், என்றாகிவிடும். சொல் ஏற்கப்பட்டால் நம் பட்டியலில் 'ஒற்று மிகாது' என்ற குறிப்பையும் பக்கத்திலேயே சேர்த்துவிடுமாறு தொகுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
பெருந்துறையிலிருந்து ஓர் உறுப்பினர்