ரோதைத் தீவில் எங்களுக்கு நேர்ந்தவை

பண்டாரவளையில் போயா (பௌர்ணமி விடுமுறை) தினங்களில் கூடிப் பகடை உருட்டிக் கதை விளையாடும் சின்னக் குழு எங்களுடையது. நான் கதைசொல்லி, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். எங்கள் கற்பனை உலகின் தெற்குக் கடலில் ரோதைத் தீவு என்று ஓர் எரிமலைத் தீவு இருக்கிறது. அங்கே எங்கள் ஆட்கள் எதிர்கொண்டவற்றில் சிலவற்றை எழுதிவைக்க வேண்டும் என்று எல்லாருக்குமே ஆசை. என் நினைவில் நின்றபடி சொல்கிறேன்.

இலங்கையில் எரிமலை கிடையாது. சிவனொளிபாதமலை கூம்பாக நிற்பதையும் கன்னியாவில் வெந்நீர் ஊறுவதையும் வைத்துச் சிலர் இருக்கும் என்று நினைப்பதுண்டு. நம் மலைகள் பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய மிகப் பழைய பாறைகள். கன்னியா நீரும் ஆழத்துக்கு இறங்கிச் சூடாகித் திரும்பி வரும் நீர்தான். தென்னாசியாவில் இன்றும் உயிரோடிருக்கும் எரிமலை என்றால் அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு. நீண்ட உறக்கத்துக்குப் பிறகு 1991இல் அது மறுபடி விழித்தது. அதனால் ரோதைத் தீவுக்கான விவரங்களை நான் வெளியே தேடிப் படித்துத்தான் சேர்த்தேன். ஆனால் அந்தத் தீவுக்கு உயிர் கொடுத்தவர்கள் மலையில் பிறந்து வளர்ந்த எங்கள் ஆட்கள்.

தீவு கண்ணில் படுவதற்கு முன்பே படகு கல்லில் மாட்டிக்கொண்டது. மிதக்கும் கல். வாயு நிறைந்த எரிமலைக் குழம்பு பொங்கி வந்து சட்டென்று ஆறினால் குமிழிகள் உள்ளேயே தங்கி நுரைக்கல் ஆகிவிடும். குதிகால் தேய்க்கக் கடைகளில் விற்பார்களே, அந்தக் கல். 1883இல் கிரக்கட்டோவா வெடித்த பிறகு இப்படிப்பட்ட கற்பரப்புகள் இந்தியப் பெருங்கடலில் மாதக்கணக்கில் மிதந்து திரிந்தன. அந்த வெடிச்சத்தம் சுமார் 4,800 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரொட்ரிகஸ் தீவு வரை கேட்டது. எங்கள் படகோட்டி துடுப்பால் கல்லைத் தள்ளித் தள்ளியே கரை சேர்ந்தான்.

அடுத்தது பள்ளம். தாதியாக வேலை செய்யும் அக்காவின் பாத்திரம் ஒரு மருத்துவச்சி. பச்சைப் பள்ளம் ஒன்றில் குருவிகள் விழுந்து கிடந்தன, காயம் எதுவும் இல்லை. கூட வந்த நாய் இறங்கியது, நாலு எட்டு வைத்ததும் படுத்துவிட்டது. வாள் வீரன் பாய்ந்து தூக்கப் போனான். அக்கா சத்தம் போட்டார்: "இறங்காத தம்பி! நாய் மூக்கு தாழ்வா இருக்கு, நம்ம மூக்கு உசரத்துல இருக்கு. கீழ என்னமோ தங்கியிருக்கு." சரியாகப் பிடித்துவிட்டார். காபனீரொட்சைட்டு காற்றைவிடக் கனமானது, எரிமலை நிலங்களில் பள்ளம் பார்த்துத் தேங்கும். 1986இல் கமரூனின் நியோஸ் ஏரியிலிருந்து இந்த வாயு ஒரே இரவில் வெளியேறிப் பள்ளத்தாக்குகளில் இறங்கியபோது சுமார் 1,700 பேர் இறந்தார்கள். இடுப்பில் கயிறு கட்டி, மூச்சை அடக்கி ஒரே ஓட்டமாகப் போய் நாயை இழுத்து வந்தார்கள். அது பிழைத்தது. இன்றும் அவர்களோடுதான் சுற்றுகிறது.

முனியைச் சந்தித்ததை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. தீவின் பெயருக்கே காரணம் அவர்தான். தேயிலை ஸ்டோர்களில், அதாவது தொழிற்சாலைகளில், ரோதைக்குக் (இயந்திரச் சக்கரத்துக்குக்) காவலான ரோதை முனியைக் கும்பிடுவது நம் தோட்டங்களில் தெரிந்த வழக்கம். எங்கள் தீவில் அந்த முனி மலைக்கு அடியில் ஒரு பெரிய கல் ரோதையைச் சுற்றிக்கொண்டே இருக்கிறார். நிலம் உள்ளுக்குள் உறுமுவது அந்தச் சத்தம். (உண்மையான எரிமலைகளிலும் குழம்பும் வாயுவும் நகரும்போது நிலம் விடாமல் மெல்ல அதிரும். கருவிகள் வைத்து அதைக் கவனிக்கிறார்கள்.) குகைக்குள் போனவன் எங்கள் குழுவிலேயே இளையவன். சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தேங்காய் உடைத்தான், சுருட்டு வைத்தான், அப்புறம் கும்பிட்டுக் கேட்டான்: "ஐயா, கீழ ஊர்ல பிள்ளைகள் தூங்க முடியாம பயந்து கிடக்குதுங்க. ரோதையக் கொஞ்சம் நிப்பாட்ட ஏலாதா?"

முனி சொன்னார்: "நிப்பாட்டலாம்டா. உறுமல் நின்னா வாய் அடைச்சிருச்சுன்னு அர்த்தம். அடைச்ச வாய்க்குள்ள ஆவி ஏறிக்கிட்டே இருக்கும். அப்புறம் மலையே இருக்காது. சத்தம் கேக்குற வரைக்கும் தூங்கச் சொல்லு. சத்தம் திடீர்னு நின்னா, பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஓடச் சொல்லு."

பையன் அதை ஊருக்கு அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தான். அன்று வாளை யாரும் உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

ஆனால் எங்களை மிகவும் உலுக்கியது சேற்று வெள்ளம். மலையின் தலையில் பனி, அதன் மேல் புதுச் சாம்பல், அதற்கும் மேல் ஒரு வாரமாக மழை. ஆட்கள் ஓடைக்கரையில் கூடாரம் போட்டிருந்தார்கள். ராத்திரி ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தது என்று மட்டும் சொன்னேன், வேறு எந்தக் குறிப்பும் கொடுக்கவில்லை. சுமைதூக்கியாக விளையாடும் அண்ணன் கொஸ்லாந்தைப் பக்கத்துக்காரர். உடனே எழுந்து நின்றுவிட்டார்.

"மழை பெய்யுது, தண்ணி ஏன் குறையணும்? மேல எங்கயோ அடைச்சிக்கிட்டு நிக்குது. எல்லாத்தையும் விட்டுட்டு மேட்டுக்கு ஏறுங்க. ஓடையோட கீழ போகாதீங்க, பக்கவாட்டுல ஏறுங்க!"

பகடை உருட்டச் சொல்வதுதான் விதி. நான் உருட்டச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததை ஒரு பகடை சரியா பிழையா என்று தீர்மானிக்கக் கூடாது என்று பட்டது. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், கலங்கி வரும் ஊற்று, சட்டென்று வற்றும் ஓடை: மண்சரிவுக்கு முன் இவற்றைப் பார்க்கச் சொல்லித்தான் நம் மலைகளில் எச்சரிக்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தைப் பக்கத்து மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போனதை அந்த அறையில் இருந்த யாரும் மறந்ததில்லை.

ஆட்கள் மேடேறிய கொஞ்ச நேரத்தில் பாறைகளும் மரங்களும் கலந்த சேறு ஓடையை நிரப்பிக்கொண்டு போனது. கூடாரம் இருந்த இடம் தெரியவில்லை. "இப்படி நிஜமாவே நடக்குமா அண்ணே?" என்று கேட்டாள் உயர்தரம் படிக்கும் தங்கச்சி. ஆர்மேரோவைப் பற்றிச் சொன்னேன். 1985 நவம்பர் 13இல் கொலம்பியாவின் நெவாடோ டெல் ருயிஸ் பெரிதாக ஒன்றும் வெடிக்கவில்லை. ஆனால் உச்சிப் பனி உருகிச் சேறாகப் பள்ளத்தாக்குகளில் இறங்கி, சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து அந்த ஊரை மூடியது. 20,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆபத்தான இடங்களைக் காட்டும் வரைபடம் அதற்கு முன்பே தயாராக இருந்தது. ஓடுவதற்கு நேரமும் இருந்தது. போகச் சொல்லி உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை. அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த ஆட்டத்தில் அவருடைய சுமைதூக்கி தீவின் ஒவ்வொரு ஓடைத் தலைப்பிலும் தப்பட்டையோடு ஒரு காவல் ஆளை வைத்தான்.

குழம்பு துறைமுகத்தை நோக்கி வந்ததும் அவருடைய யோசனைதான் கைகொடுத்தது. மேலே கான் (வடிகால்) வெட்டி ஓடையைத் திருப்பி, வரும் குழம்பின் முகத்தில் விடாமல் தண்ணீர் பாய்ச்சினார்கள். முகம் ஆறி இறுகிச் சுவரானது, பின்னால் வந்த குழம்பு பக்கவாட்டில் திரும்பியது. ஐஸ்லாந்தின் ஹெய்மே தீவில் 1973இல் கடல்நீரை இறைத்துத் துறைமுகத்தை இப்படித்தான் காப்பாற்றினார்கள். அதை அவர் படித்ததில்லை. சின்ன வயதிலிருந்து கான் வெட்டிய கை அவருடையது.

இப்போது தீவு அமைதியாக இருக்கிறது. உறுமல் மட்டும் கேட்கிறது, அது நல்லது. சாம்பல் மண்ணில் என்ன நடலாம் என்பதுதான் தற்போதைய பேச்சு. 1963இல் ஐஸ்லாந்துக்குப் பக்கத்தில் கடலிலிருந்து எழுந்த சுர்ட்சேயில் 1965இலேயே முதல் செடி முளைத்துவிட்டது; சாவாவின் எரிமலைச் சரிவுகளில் தேயிலையே விளைகிறது. தங்கச்சி தேயிலைதான் வேண்டும் என்கிறாள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"நடுறதுக்கு முந்தி காணி யார் பேர்லன்னு எழுதுங்க. சாம்பலச் சுமந்தவங்களுக்குப் பேர்ச் கணக்குல துண்டு துண்டா அளந்து குடுக்கிற கதையெல்லாம் இந்தத் தீவுல வேணாம். முழுசா எழுதுங்க."

யாருக்கும் மறுப்பு இல்லை. அடுத்த போயாவுக்கு வரைபடத்தோடு அளவு நூலும் கொண்டு வருகிறோம். ஓடைக்கரைகளை விட்டுவிட்டு, மேட்டு நிலத்திலிருந்து அளக்கத் தொடங்குவதாக முடிவு.