ஓநெரா எம்6 இறக்கை: அதிர்வலையைத் துல்லியமாகப் பிடிக்க எந்த ஸ்கீம்?

வணக்கம் நண்பர்களே. எஸ்யூ2 என்ற காற்றோட்டக் கணிப்பு மென்பொருளில், காற்றுச்சுரங்கச் சோதனை அளவீடுகள் கிடைக்கும் ஓநெரா எம்6 என்ற மாதிரி விமான இறக்கையின் காற்றோட்டத்தைக் கணக்கிட்டு வருகிறேன். மாக் 0.8395 (ஒலி வேகத்தில் சுமார் 84 சதவீதம்), தாக்குகோணம் 3.06 டிகிரி, கொந்தளிப்புக்கு ஸ்பாலார்ட்-ஆல்மராஸ் மாடல். இந்த நிலையில் இறக்கையின் மேற்பரப்பில் இரண்டு அதிர்வலைகள் (காற்றழுத்தம் திடீரென்று தாவும் இடங்கள்) உருவாகி, நுனிப் பக்கம் ஒன்றுசேர்ந்து லாம்டா (λ) வடிவம் எடுக்கும். சிக்கலே அங்கேதான்.

ஸ்கீம் என்பது ஓட்டச் சமன்பாடுகளை எண்களாகக் கணக்கிடும் முறை. அதில் ஜேஎஸ்டி ஸ்கீம் போட்டால் கணக்கு சமர்த்தாகக் கன்வர்ஜ் ஆகிறது, அதாவது நிலையான விடைக்கு வந்து சேர்கிறது. ஆனால் இறக்கையின் அடியிலிருந்து நுனிவரை 65 சதவீத தூரத்தில் உள்ள வெட்டில் முன்பக்க அதிர்வலை மழுங்கிவிடுகிறது. அழுத்த வரைபடத்தில் சோதனைப் புள்ளிகள் செங்குத்தாக ஏறும் இடத்தில் என் கோடு சாய்வாகப் போகிறது. ஸ்கீம் சேர்க்கும் செயற்கைப் பாகுநிலைதான் (கணக்கு நிலையாக இருக்கச் சேர்க்கும் மென்மையாக்கல்) காரணம் என்று நினைக்கிறேன். சரி என்று ரோ ஸ்கீமுக்கு மாறி, மஸ்ல் முறையில் இரண்டாம் வரிசைத் துல்லியம், வெங்கடகிருஷ்ணன் லிமிட்டர் (அதிர்வலை அருகே மதிப்புகள் அலைபாயாமல் கட்டுப்படுத்துவது) எல்லாம் வைத்தேன். அதிர்வலை அழகாகக் கூர்மையானது. ஆனால் ரெசிட்யூவல் (சமன்பாடுகளில் மீதமிருக்கும் பிழை) கொஞ்சம் இறங்கி அப்படியே ஊசலாடுகிறது, இழுவைக் குணகமும் கூடவே ஆடுகிறது.

லிமிட்டரே வேண்டாம் என்று விடவும் முடியாது. முதல் வரிசைக்கு மேல் போகும் எந்த நேரியல் ஸ்கீமும் அதிர்வலை அருகே அலைபாயும் என்று கணிதவியலாளர் கோதுனோவ் 1959-லேயே நிறுவிவிட்டார்.

நான் கேட்பது இதுதான்: லிமிட்டரை ஒரு கட்டத்தில் உறைய வைப்பது நம்பகமான வழியா, அல்லது அதன் குணகத்தை மாற்றிப் பார்ப்பது நல்லதா? அதற்கு முன் அதிர்வலை அருகே மெஷ்ஷை (கணக்கிடும் வலைக்கட்டங்களை) நெருக்க வேண்டுமா? இழுவைக் குணகத்தில் 0.0001 வித்தியாசம்கூட எனக்கு முக்கியம். இதைச் செய்து பார்த்தவர்கள் உங்கள் அமைப்புகளைப் பகிர்ந்தால் பெரிய உதவியாக இருக்கும்.