செயின் மெடிக்கலின் 20% தள்ளுபடி: தனிக்கடை எப்படி ஈடுகொடுப்பது?

ஊர்க்கடை பார்மசிஸ்ட்

பஸ் ஸ்டாண்ட் பக்கம் 120 சதுர அடி மருந்துக்கடை. எதிரே ஒரு செயின் மெடிக்கல், "எல்லா மருந்துக்கும் 20% தள்ளுபடி" என்று போர்டு. சுகர், பிரஷர் மாத்திரையை மாதாமாதம் வாங்குகிறவர்கள்தான் முதலில் அந்தப் பக்கம் போகிறார்கள். அந்த 20 சதவீதம் எங்கிருந்து வருகிறது? ஜெனரிக் (பிரபல பிராண்ட் பெயர் இல்லாமல் வரும் அதே மருந்து) இறக்கி விலையைக் குறைப்பதென்றால் எந்த மாத்திரையில் தொடங்கலாம், எவ்வளவு வாங்கலாம், சட்டப்படி எதில் மாட்டிக்கொள்வோம்?

ஸ்டாக்கிஸ்ட் கணக்கு

சார், முதலில் கணக்கைப் பாருங்கள். விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துக்கு 2013 உத்தரவுப்படி உச்சவிலை போடும்போது சில்லறைக் கடைக்கு 16% சேர்க்கிறார்கள். அது கடைக்கு வரும் விலையின் மேல் 16%. 100 ரூபாய்க்கு வாங்கும் சரக்கு 116 ஆகும், 5% ஜி.எஸ்.டி. சேர்த்து எம்.ஆர்.பி. 121.80. இதில் 20% தள்ளினால் கையில் வருவது 97.44, அதில் வரி போக 92.80. அட்டைக்கு 7.20 நஷ்டம். நஷ்டமில்லாமல் நீங்கள் கொடுக்க முடிந்தது 13.8% வரைதான், அதுவும் வாடகை, கரண்ட், சம்பளம் எதையும் எண்ணாமல். கட்டுப்பாட்டில் இல்லாத மருந்தில் வழக்கமான மார்ஜின் விற்கும் விலையில் 20%. அங்கே 20% தள்ளினால் கணக்கு பூஜ்ஜியம்.

செயின் கடையிடம் மொத்த விற்பனை லைசென்ஸும் இருக்கும், கம்பெனியிலிருந்து நேரடியாகவே எடுப்பார்கள். ஸ்டாக்கிஸ்டுக்கு, அதாவது கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரிக்கு, போக வேண்டிய 8% அவர்களிடமே தங்கிவிடுகிறது. அதே 100 ரூபாய்ச் சரக்கு அவர்களுக்கு 92. 20% தள்ளிய பிறகும் 80 பைசா மிச்சம். அதன்மேல் 10 வாங்கினால் 1 இலவசம் என்று ஸ்கீம் கிடைத்தால் அடக்கம் 83.64க்கு இறங்கிவிடும்.

ஆனால் உண்மையான லாபம் அவர்களுடைய சொந்தப் பெயர் மாத்திரையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறொரு தொழிற்சாலையில் செய்து வாங்கி, எம்.ஆர்.பி.யைப் பிரபல பிராண்டுக்குப் பக்கத்தில் அச்சடிப்பார்கள். சட்டம் உச்சவிலையைத்தான் கட்டுகிறது, இடையில் இருக்கும் மார்ஜினை அல்ல. (2019இல் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு மட்டும் 30% மார்ஜின் வரம்பு வந்தது.) நமக்கு வரும் பிராண்டில்லாத ஜெனரிக்கிலும் இதே கதைதான். கடைக்கு 12 ரூபாய்க்கு வரும் அட்டையில் 60 என்று அச்சடித்திருந்தால், 20% தள்ளி 48க்கு விற்பவர் நோயாளிக்கு என்ன நன்மை செய்துவிட்டார்? 22க்கு விற்றாலே உங்களுக்கு வரி போகவும் நியாயமான லாபம் நிற்கும். எம்.ஆர்.பி.க்குக் கீழே விற்கத் தடை கிடையாது. அதனால் போர்டில் சதவீதம் எழுதாதீர்கள். "மெட்ஃபார்மின் 500, ஒரு மாத்திரை இவ்வளவு" என்று எழுதுங்கள். அட்டைக்கு 10, 14, 15 என்று எண்ணிக்கை மாறுவதால் அட்டை விலையை ஒப்பிட்டால் ஏமாந்துபோவார்கள்.

சீட்டுப் பார்க்கிறவர்

விலைக்கு முன்னால் மருந்து விதிகளில் (டிரக்ஸ் ரூல்ஸ்) விதி 65(11ஏ)வைப் படியுங்கள். ஹெச், எக்ஸ் அட்டவணை மருந்துகளில் (டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டியவை) சீட்டில் எழுதிய பிராண்டுக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கக்கூடாது, உள்ளே இருப்பது அதே மருந்தானாலும். சுகர், பிரஷர் மாத்திரைகள் பெரும்பாலும் ஹெச் அட்டவணைதான். "அதேதான்மா, விலை கம்மி" என்று மாற்றிக் கொடுத்துவிட்டால் டிரக் இன்ஸ்பெக்டர் வரும்போது சீட்டும் பில்லும் ஒத்துப்போகாது. நோயாளியிடம் விஷயத்தைச் சொல்லி, அடுத்த முறை டாக்டரிடம் மருந்தின் பெயரிலேயே எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள். ஜெனரிக் பெயர் எழுதிய சீட்டுக்கு எந்தக் கம்பெனி என்பது உங்கள் தேர்வு.

தொடங்குவதற்கு மெட்ஃபார்மின், அம்லோடிபின், டெல்மிசார்டன், அட்டோர்வாஸ்டாடின் போதும். மெட்ஃபார்மினில் சாதா வேறு, எஸ்.ஆர். (மெதுவாகக் கரைந்து மருந்தை விடுவது) வேறு. ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. டெல்மிசார்டன் ஈரத்தை இழுக்கும், இருபுறமும் அலுமினியம் போட்ட அட்டையாகப் பார்த்து வாங்குங்கள். உதிரியாகக் கத்தரிக்கும்போது மாத்திரைக்குழி கிழிந்தால் அதை விற்காதீர்கள். ஃபெனிடாயின், கார்பமாசெபின், வார்ஃபரின், தைராக்ஸின், டாக்ரோலிமஸ் இவற்றில் மட்டும் கம்பெனியை மாற்றவே மாற்றாதீர்கள். ரத்தத்தில் அளவு கொஞ்சம் நகர்ந்தாலே வலிப்பு திரும்பலாம், ரத்தக்கசிவு வரலாம். பத்து ரூபாய் மிச்சத்துக்காக எடுக்கிற ஆபத்து இல்லை இது.

ஊர்க்கடை பார்மசிஸ்ட்

நன்றி சார். மூன்று கடைக்காரர்கள் சேர்ந்து என் பெயரில் மொத்தமாக ஆர்டர் போட்டு, ஸ்கீமை வாங்கிப் பிரித்துக்கொள்ளலாமா?

ஸ்டாக்கிஸ்ட் கணக்கு

கூடாது. மறுவிற்பனைக்காக இன்னொரு கடைக்குச் சரக்குக் கொடுத்தால் அது மொத்த விற்பனை. அதற்குப் படிவம் 20பி, 21பி லைசென்ஸ் வேண்டும், உங்களுடைய சில்லறை விற்பனைக்கான 20, 21 போதாது. ஆர்டரைச் சேர்த்துப் பேசுங்கள், பில்லை மட்டும் மூன்று கடைக்கும் தனித்தனியாக, பேட்ச் நம்பரோடு போடச் சொல்லுங்கள். ஒழுங்காகப் பணம் கட்டும் கடைகள் என்றால் பல ஸ்டாக்கிஸ்ட்கள் ஒத்துக்கொள்வார்கள்.

எக்ஸ்பைரி திரும்ப எடுப்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள். பிராண்டில்லாத ஜெனரிக்கில் பல கம்பெனிகள் எடுப்பதில்லை. ஸ்கீமுக்கு ஆசைப்பட்டு 100 அட்டை வாங்கி 30 தேங்கினால் மார்ஜின் முழுவதும் அதிலேயே போய்விடும். போன மாதம் விற்றதைப் போல ஒன்றரை மடங்கு, அதற்கு மேல் வேண்டாம்.

மாத்திரை விலை பார்ப்பவர்

வாங்குகிறவர் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துக்கு ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 ஆனது. பழைய எம்.ஆர்.பி. 112 என்றால் இப்போது 105, அதாவது 6.25% குறைவு. பழைய அச்சு உள்ள அட்டையில் அதையும் "தள்ளுபடி"யில் சேர்த்துக் காட்டினால் அது கடையின் சலுகை இல்லை, வரிக் குறைப்பு. அரசு விலை ஆணையத்தின் பார்மா சஹி தாம் செயலியில் மருந்துப் பெயரைப் போட்டால் மற்ற பிராண்டுகளின் விலை தெரியும்.

இன்னொன்று, போட்டி எதிர்க்கடையோடு மட்டும் இல்லை. மக்கள் மருந்தகம் இருக்கிறது, 2025 பிப்ரவரி 24 முதல் 1,000 முதல்வர் மருந்தகங்களும் வந்துவிட்டன. அங்கே எம்.ஆர்.பி.யே குறைவு. உங்கள் மாத்திரை விலையை அந்த விலையோடு வைத்துப் பாருங்கள். அங்கே இருப்பில் இல்லாத மருந்துகளும், இரவு ஒன்பதுக்குப் பிறகு திறந்திருக்கும் நேரமும்தான் தனிக்கடைக்கு மிச்சமிருக்கும் இடம். இன்சுலினைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து, கரண்ட் போனாலும் தாங்கும்படி பேக்கப் போட்டுக் கொடுங்கள், அதற்கு மக்கள் தேடி வருவார்கள்.