டார்ச் அடித்துப் பார்த்த ஒரு ராத்திரி: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

நைட் டூட்டி:
நியூரோ வார்டில் எனக்கு அப்போது மூன்றாவது மாதம். பைக்கில் விழுந்த பெரியவர். ஸ்கேனில் சின்ன ரத்தக்கட்டு, ஆபரேஷன் வேண்டாம், மணிக்கொரு தடவை ஜிசிஎஸ் (நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று போடும் மதிப்பெண்), பியூப்பில் (கண்மணி) பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது மணிக்கு இரண்டு பக்கமும் 3 மில்லிமீட்டர். பத்து மணிக்கு வலது கண் 7. டார்ச் அடித்தால் அசையவே இல்லை. உங்களுக்கே தெரியும், அந்த நேரத்தில் வயிறு என்ன செய்யும் என்று. டாக்டரைக் கூப்பிட்டு, மூளை வீக்கத்தைக் குறைக்கும் மேனிட்டால் ஏற்றி, ஸ்கேனுக்கு லிஃப்ட் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டோம். பெரியவர் "எங்கம்மா கூட்டிட்டுப் போறீங்க?" என்று தெளிவாகக் கேட்டுக்கொண்டே வருகிறார். லிஃப்ட் வாசலில் மகன் சொன்னான்: "நீங்க மருந்து வாங்கப் போனப்போ கண் டாக்டரம்மா வந்து சொட்டு விட்டுட்டுப் போனாங்களே." விழித்திரை பார்ப்பதற்காகக் கண்மணியை விரிய வைக்கும் ட்ராபிக்கமைடு. கேஸ் ஷீட்டில் ஒரு வரி இல்லை. அவர் பேசிக்கொண்டே வந்தது என் காதில் ஏன் ஏறவில்லை என்று இன்னும் உறுத்துகிறது.

பழைய சிஸ்டர்:
பேசினால் என்ன? நன்றாகப் பேசிக்கொண்டிருந்து அரை மணியில் மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மூளை வீங்கி, கண்ணுக்குப் போகும் மூன்றாவது நரம்பை அழுத்தினாலும் பியூப்பில் இப்படித்தான் விரியும். நீங்கள் கூப்பிட்டது சரி. மகனிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

என் கதை சின்னது. நினைவில்லாத ஒரு பெண், கண் பாதி திறந்தே கிடக்கும். காஸ் துணி வைத்து பிளாஸ்திரி போட்டோம். காஸ் நகர்ந்து கருவிழியில் உராய்ந்திருக்கிறது. மூன்றாம் நாள் பிரித்தால் கருவிழியில் வெள்ளையாக ஒரு திட்டு.

அதனால் சொல்கிறேன், கேளுங்கள். இமை முழுசாக மூடுகிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் பாருங்கள். சலைனில் நனைத்த பஞ்சால் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு, அடுத்த இழுப்புக்கு வேறு பஞ்சு. ஆயின்ட்மென்ட் போட்டு இமையை மூடிவிட்டுத்தான் பிளாஸ்திரி. திறந்த கண் மேல் காஸ் வேண்டவே வேண்டாம். சொட்டு விட்டால் எந்தக் கண், என்ன மருந்து, எத்தனை மணி என்று கட்டில் தலைமாட்டிலும் எழுதி ஒட்டுங்கள். ட்ராபிக்கமைடு சில மணி நேரத்தில் இறங்கிவிடும், அட்ரோபின் விட்டால் ஒரு வாரத்துக்கும் மேல் விரிந்தே நிற்கும்.

தம்பி:
நான் நர்ஸ் இல்லை, அண்ணனோடு ஆஸ்பத்திரியில் இருந்தவன். ஸ்ட்ரோக், இடது கை கால் போய்விட்டது. தட்டில் பாதிதான் சாப்பிடுவார். பொரியல் பிடிக்கவில்லை போல என்று அண்ணி தினமும் வேறு வேறு காய் செய்துகொண்டு வந்தார். ஒரு நாள் ஒரு சிஸ்டர் பேசாமல் வந்து தட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அண்ணன் குனிந்து பார்த்து, "இதை எப்ப வெச்சீங்க?" என்றார். இடது பக்கப் பார்வை போயிருந்திருக்கிறது.

நைட் டூட்டி:
பார்வை மட்டும்தானா என்று சந்தேகம். பாதிப் பார்வை போனவர்கள் பெரும்பாலும் கொஞ்ச நாளில் தலையைத் திருப்பித் தேடப் பழகிவிடுவார்கள். அப்படி ஒரு பக்கம் இருப்பதே தெரியாமல் இருந்தால் அது மூளை அந்தப் பக்கத்தைக் கைவிட்டது. இடது கன்னத்தில் சவரம் பண்ணாமல் விடுவாரா?

பழைய சிஸ்டர்:
இரண்டும் சேர்ந்தும் வரும், சண்டை வேண்டாம். தம்பி, தண்ணீர், போன், அழைப்பு மணி எல்லாம் வலது கைப்பக்கம் இருக்கட்டும். பேசும்போது மட்டும் மெதுவாக இடது பக்கம் நகர்ந்து அவரைத் திரும்பிப் பார்க்க வையுங்கள்.

தம்பி:
சவரம், ஆமாம், பாதிதான். ராத்திரி மணி அடிக்காமல் படுக்கையை நனைத்துவிடுகிறார் என்று பத்து நாள் அவரைத் திட்டியிருக்கிறோம். மணி இடது பக்கச் சுவரில் இருந்தது.