மறு: ஆட்டோபேஜி: தற்செரிப்பைத் திரும்பப் பெறுகிறேன், தன்னுணல் எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

> தற்செரிப்பு என்றே வைத்துக்கொள்ளலாம், கேட்டதுமே பொருள் விளங்குகிறது.

போன வாரம் அந்தச் சொல்லை முன்வைத்தவன் நான்தான். ஆட்டோபேஜி என்றால் செல் தன் பழுதான பகுதிகளைத் தானே பொதிந்து செரித்துக்கொள்வது. பிட்யூட்டரி என்னும் கபச்சுரப்பியில் வரும் கட்டிகளில் அதன் பங்கைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தேன், மூன்றாவது பத்தியிலேயே சொல் இடித்துவிட்டது.

இடித்த இடம் இது. புரோலாக்டின் என்ற பால் சுரப்பு ஹார்மோனைச் சுரக்கும் கட்டிக்குக் கேபர்கோலின் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள், பெரும்பாலோருக்குக் கட்டி சுருங்குகிறது. ஆய்வகத்தில் கட்டிச் செல்களுக்கு இதே மருந்தைக் கொடுத்தால் செல்லுக்குள் இரட்டைச் சவ்வுப் பைகள் சேர்வதைப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பை, செல்லின் பழுதான நுண்ணுறுப்புகளையும் புரதங்களையும் சுற்றிக் கட்டுகிறது, அவ்வளவுதான். செரிமானம் அப்புறம், செல்லின் செரிமானப் பையான லைசோசோமோடு இணைந்த பிறகு. ஆகவே பைகள் கூடியிருந்தால் கட்டும் வேலை வேகமெடுத்திருக்கலாம், அல்லது செரிக்கும் வேலை நின்று பைகள் தேங்கியிருக்கலாம். மலேரியாவுக்குக் கொடுக்கும் குளோரோகுவின் லைசோசோமின் அமிலத்தைக் குறைத்துச் செரிமானத்தைத் தடுக்கும், அப்போதும் பைகள் கூடத்தான் செய்யும்! ஆட்டோபேஜி கட்டிச் செல்லைக் கொல்கிறதா, மருந்திலிருந்து காப்பாற்றுகிறதா என்று தெரிந்தால்தான் அதைத் தூண்டுவதா தடுப்பதா என்று சொல்ல முடியும். நான் எழுதிய வாக்கியமோ "செரிப்பு தடைபட்டதால் தற்செரிப்புப் பைகள் கூடின" என்று வந்து நின்றது. படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்?

எனவே முழு நிகழ்வுக்கு ஒரு சொல், செரிக்கும் கட்டத்துக்கு வேறு சொல் வேண்டும். தன்னுணல் பொருந்தும் என்று நினைக்கிறேன். உணல் பழைய சொல்தான், குறள் 1326ல் "உணலினும் உண்டது அறல்" என்று உண்பதும் செரிப்பதும் தனித்தனியாகவே வருகின்றன. அந்தப் பைக்கு உணற்பொதி என்று வைக்கலாம். பொதிசோறு கட்டி வைத்தாலே பசி ஆறிவிடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதையேதான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. 1963ல் கிறிஸ்டியன் டி டூவ் ஆட்டோபேஜி என்ற பெயரை வைத்தார். 1966ல் ஸ்மித்தும் ஃபார்குவாரும் பாலூட்டும் எலிகளிடமிருந்து குட்டிகளைப் பிரித்துவிட்டு தாய் எலிகளின் பிட்யூட்டரியைப் பார்த்தார்கள். வெளியே போக வழியில்லாத புரோலாக்டின் மணிகளை லைசோசோம்கள் நேரே சேர்த்துக்கொண்டு செரித்துவிட்டன. அந்த மணிகளுக்குப் பொதி கட்டும் வேலை தேவைப்படவில்லை. இதற்குக் கிரைனோபேஜி என்று பெயர். பிட்யூட்டரியைப் பற்றி எழுதினால் இந்தச் சொல்லைத் தாண்டிப் போகவே முடியாது. உணல் கையில் இருந்தால் சுரப்புணல் என்று எளிதாக அமைந்துவிடும், இழைமணிகளை (மைட்டோகாண்ட்ரியா) செல் செரிக்கும் மைட்டோபேஜிக்கு இழைமணியுணல் என்றும்.

"வேர்ச்சொல்லை அப்படியே பெயர்த்தால் என்ன?" என்று கேட்ட ஐயாவுக்கு: கபச்சுரப்பியை நினைத்துப் பாருங்கள். மூளையிலிருந்து மூக்கு வழியாகச் சளி இறங்குகிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள், லத்தீனில் சளிக்குப் பிட்யூட்டா என்று பெயர். நம்பிக்கை போய்விட்டது, அதன் பெயர்ப்பு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. ஆட்டோபேஜியில் வேரும் (கிரேக்கத்தில் தன்னைத் தின்னல்) நிகழ்வும் பொருந்துவதால்தான் தன்னுணலைச் சொல்கிறேன், வேர் அது என்பதற்காக இல்லை. தற்செரிப்பைக் கைவிட இன்னொரு சின்னக் காரணம், லைசோசோமைத் தற்கொலைப் பை என்று படித்து வந்த மாணவருக்குத் 'தற்' என்றதுமே சாவுதான் நினைவுக்கு வரும். பட்டினி கிடக்கும் செல் பிழைப்பதற்கும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

ஒரு சந்தேகம், இலங்கை நண்பர்கள்தான் தீர்க்க வேண்டும். உங்களிடம் தின்குழியம் (கிருமிகளை விழுங்கும் செல், பேகோசைட்) ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதோடு ஒட்டி 'தின்னல்' என்றே போகலாமா? தன் என்பதோடு புணர்ந்தால் தற்றின்னல் ஆகிவிடுகிறது, வாசிக்கக் கஷ்டம். பிரித்துத் 'தன் தின்னல்' என்று எழுதினால் உங்கள் வகுப்பறையில் செல்லுமா?